புறக்காழும் குழற்சட்டகமும்

மோட்டார் வண்டி எதுவாயினும் அதற்கு என்புக்கூடு போல் அமைவது அடிச்சட்டகமாகும். எஞ்சின், இருக்கை, சில்லுகள், ஏற்றும் பாரம் ஆகிய யாவும் அதனையே பற்றி நிற்கும். ஆயினும் செப்பனிட்ட தெருவில் ஓடும் வண்டியின் சட்டகத்துக்கும், மேடுபள்ளம் நிறைந்த நிலத்தில் ஓடும் வண்டியின் சட்டகத்துக்கும் கடமை வேறு. தெருவில் நான்கு சில்லுகளும் பெரும்பாலும் ஒரே தளத்தில் நிற்கும். கரடுமுரடான நிலத்திலோ மூலைக்கு மூலையான இரு சில்லுகள் மேட்டில் ஏற, ஏனைய இரண்டும் குழியில் இறங்கும். அப்போது சட்டகம் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்படும். வண்டி கவிழுமாயின் உள்ளிருப்பவனின் உயிரைக் காக்கவேண்டிய கூடும் அச்சட்டகமே. இவ்விரு கடமைகளையும் குறைந்த எடையில் நிறைவேற்றுதற்கு ஏற்றது உருக்குக் குழாய்களை இணைத்து அமைக்கும் குழற்சட்டகமாகும்.

உள்ளே வெறுமையான குழாய் வலிமை பெறுவது எங்ஙனம் என்னும் வினா எழலாம். அதற்கு விடை பகரும் சான்று குடாநாட்டின் பனையிலேயே உண்டு. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்துரைத்தார். பனையும் தெங்கும் மூங்கிலும் புறக்காழ் உடையன. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் கூரையைத் தாங்கும் வளைகளும் சிலாகைகளும் பனையின் புறவயிரத்திலிருந்து எடுக்கப்பட்டவையே. உள்ளிருக்கும் மென்மையான பகுதி கழிக்கப்படும். ஒரு தண்டு வளையும்போது அதன் ஒருபக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்குண்ணும், நடுக்கோடு இரண்டும் இன்றி வாளா இருக்கும். ஆதலின் நடுவிலுள்ள பொருள் வளைவைத் தடுப்பதிற் சிறிதே பங்குகொள்ளும். நடுவிலிருந்து விலகுந்தோறும் ஒவ்வொரு துணுக்கின் பயனும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். குழாய் என்பது இரும்பிற் செய்த புறக்காழ் எனலாம்.

இதனைக் கணக்கால் தெளியலாம். புறவிட்டம் 25 மில்லிமீற்றரும் சுவர்த்தடிப்பு 3 மில்லிமீற்றரும் உடைய உருக்குக் குழாய், மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.63 கிலோகிராம் நிறையுடையது. அதே நிறையில் உள்ளீடு நிறைந்த கம்பி செய்யின் அதன் விட்டம் 16 மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சும். குழாயோ அக்கம்பியைப்போல் 3.7 மடங்கு வளைவை எதிர்க்கும். இன்னும், புறவிட்டத்தை 32 ஆக்கிச் சுவரை 1.6 மில்லிமீற்றராகக் குறைத்தால், முதற் குழாயினும் நிறை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். வளைவை எதிர்க்கும் தன்மையோ 38 வீதம் கூடும். எனினும் இவ்வாறு மெலிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பப்பாசி இலையின் காம்பு எளிதில் மடிந்து நசுங்குவது போல, சுவர் மிக மெலிந்த குழாயும் கல்லடி பட்ட இடத்தில் ஒடுங்கி மடிந்துவிடும்.

குழாய் நன்றாயினும் அமைப்புப் பிழைத்தாற் பயனில்லை. நான்கு சட்டங்களை மூலைகளில் மட்டும் பிணைத்த படலை நாளடைவிற் சரியும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அறைந்தால் நிமிர்ந்து நிற்கும். முக்கோணம் பக்கங்களின் நீளம் மாறாதவரை உருமாறாது என்னும் கேத்திரகணித உண்மையே இதன் காரணம். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் துவிச்சக்கர வண்டியின் வழிவந்த சட்டகம் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எரிபொருள் அரிதாகிய 1990களில் விறகும் நெல்மூட்டையும் சுமந்ததும், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது குடும்பங்களின் உடைமைகளைத் தாங்கியதும் அம்மெல்லிய குழாய்களே. குழற்சட்டகத்தின் இலக்கணம் குடாநாட்டார் ஒவ்வொருவரின் கையிலும் இருந்தது என்பது மிகையன்று.

வண்டிச் சட்டகத்தில் மற்றொரு விதியும் கைக்கொள்ளப்படும். சில்லின் அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புகள் குழாய்கள் சந்திக்கும் கணுக்களிலேயே பொருத்தப்படல் வேண்டும். கணுவில் விழும் பாரம் குழாயின் நீளவாக்கிற் பகிர்ந்து செல்லும். இடையில் விழுமாயின் குழாயை வளைத்து ஒடிக்க முயலும்.

ஆனால் எங்கும் முக்கோணமே அமைப்பின் மனிதன் ஏறி இறங்க வழியிராது. 1954ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரில் குழற்சட்டகம் பக்கங்களில் உயர்ந்திருந்தமையின், கதவுகளைப் பறவையின் சிறகு போல மேல்நோக்கித் திறக்குமாறு அமைத்தனர். உறுதியும் வாயிலும் ஒன்றோடொன்று முரணுவன; அம்முரணைத் தீர்ப்பதே வடிவமைப்போனின் தொழில்.

இத்தொழிலை மாணவர் செய்து கற்கும் களம் ஒன்று உண்டு. 1976இல் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பாகா போட்டியின் வழியில், 2007இல் இந்தியாவின் பிதாம்பூரில் அத்தகைய போட்டி தொடங்கிற்று. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவரும் அதிற் பங்குபற்றி வந்துள்ளனர். ஒருவர் அமரும் வண்டியை மாணவர் தாமே வரைந்து, தாமே ஒட்டி, கரடுமுரடான பாதையில் நான்கு மணிநேரம் ஓட்டிக்காட்டல் வேண்டும். முதன்மைக் குழாய்களுக்கு மேற்கூறிய 25க்கு 3 அளவே அடிப்படை. வேறு அளவு கொள்வோர் அதற்கு ஒப்பான உறுதியைக் கணக்கிட்டுக் காட்டல் வேண்டும். ஓட்டுபவனின் தலைக்கவசத்துக்கும் கூட்டுக்கும் இடையே 152 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஐந்து விநாடிக்குள் அவன் வெளியேறவும் வேண்டும்.

கணக்கு முடிந்தபின் கைத்தொழில் தொடங்கும். ஒரு குழாயின் முனை மற்றொன்றின் வளைந்த மேனியில் இடைவெளியின்றிப் பொருந்துமாறு குடைந்து வெட்டப்படும். சமதளமான மேசையில் குழாய்களை இறுக்கி, முதலில் ஒவ்வொரு மூட்டிலும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் செய்வர். பின்னர் ஒரே இடத்திற் தொடராது, பக்கம் மாற்றி மாற்றி ஒட்டுவர்; அன்றேல் சூடேறிய உருக்கு ஆறுங்கால் சுருங்கிச் சட்டகத்தைக் கோணலாக்கும். குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்காயின், ஒட்டிய இடத்தில் நீர் ஊற்றிக் குளிரவைத்தல் ஆகாது. அது நொறுங்கும் தன்மை எய்திவிடும். வெளித்தோற்றத்தை நம்புதலும் தகாது. மாதிரி மூட்டொன்றை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தல் அப்போட்டியின் விதி. முறிவு ஒட்டில் நேராமல் குழாயில் நேர்ந்தாலே ஒட்டியவன் கை தேறியதாகக் கொள்ளப்படும்.

ஒட்டுவோன் கண்ணுக்குக் கூட்டிலுள்ள எல்லா மூட்டுகளும் ஒன்றுபோலத் தோன்றும். எந்த மூட்டில் முறுக்கம் மிகும் என்பதைக் கணக்கே காட்டும். கணக்கு அதனைக் காட்டினும், அம்மூட்டை உறுதியாக்குவது கை. உழவு இயந்திரங்களின் பெட்டிகளைக் கட்டும் பட்டறைகள் குடாநாட்டிற் பல. கேத்திரகணிதம் பயிலும் வகுப்பறைகளும் பல. பட்டறையில் அளவுகோல் எவ்வளவு மதிக்கப்படுகிறதோ, வகுப்பறையில் சுத்தியல் எவ்வளவு மதிக்கப்படுகிறதோ, அவ்வளவே கூட்டினுள் அமர்பவனின் உயிருக்குக் காப்பாகும்.