பால் பல்லும் பலகாரத்தின் நேரமும்

‘விழுந்து முளைக்கப்போகிற பல்தானே!’ குழந்தையின் பல்லில் சொத்தை தென்படும்போது பல வீடுகளில் சொல்லப்படும் சமாதானம் இது. வயதைக் கணக்குப் பார்த்தால் இந்தச் சமாதானம் நிற்காது. ஆறு மாத அளவில் முளைக்கத் தொடங்கும் 20 பால் பற்களில் முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். நான்கு வயதில் அவை சொத்தையானால் மீதி ஆறு முதல் எட்டு ஆண்டுகள் குழந்தை எதைக் கொண்டு மெல்லும்? பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்து, பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். சீழ் பிடித்தாலோ, அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லே பழுதாகலாம்.

பால் பல்லின் எனாமல் என்னும் மேலுறை நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. அதனால் சொத்தை விரைவாக உள்ளே இறங்கும். பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் வாழ்கின்றன. வாய்க்குள் வரும் சர்க்கரையை உண்டு சில நிமிடங்களிலேயே அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் கூடி பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்கிறது. இழந்த தாதுக்களைப் பல்லுக்குத் திரும்பவும் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வாய்க்குள் போனால் கரைதல் மறுபடியும் தொடங்கிவிடும். ஆகவே, தின்ற சர்க்கரையின் எடையைவிட, ஒரு நாளில் எத்தனை முறை தின்றோம் என்பதே பல்லின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இதற்குச் சான்று சுவீடனின் லுண்ட் நகரில் கிடைத்தது. அங்குள்ள விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1940களில், அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். உணவு வேளையில் பானமாகக் கொடுத்தபோது சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. பல்லில் ஒட்டும் டாஃபியை வேளைகளுக்கு இடையில் கொடுத்தபோது மளமளவென்று பெருகியது. நோயாளிகளின் சம்மதமே இல்லாமல் பற்களைக் கெடுத்துப் பார்த்த அந்தச் சோதனை கண்டிக்கத்தக்கது. ஆனாலும் அதில் வெளிப்பட்ட உண்மையைப் புறக்கணிக்க முடியாது.

‘வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்கும் தேனுக்கும் மாறிவிட்டோமே’ என்பார்கள் சிலர். கிருமிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எல்லாவற்றிலிருந்தும் அமிலம் உண்டாக்கும். இனிப்புக் கலந்த பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே குழந்தை தூங்குவது இன்னும் கெடுதல். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால் அமிலத்தை முறிக்க எதுவும் இருப்பதில்லை. புட்டிப் பாலால் வரும் சொத்தை மேல் முன்பற்களில்தான் முதலில் தெரியும். கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காத்துவிடுகின்றன.

அடுத்த ஐயம் ஃபுளோரைடு பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இயற்கையாகவே மிகுந்திருக்கும் ஃபுளோரைடு பற்களில் கறையையும் எலும்புகளில் பாதிப்பையும் உண்டாக்கியதை நாம் அறிவோம். அதையே பேஸ்ட்டில் சேர்த்துக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. விடை அளவில் இருக்கிறது. ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) உள்ள பேஸ்ட்டை ஓர் அரிசி மணி அளவு, அதாவது சுமார் 0.1 கிராம் எடுத்தால், அதில் உள்ள ஃபுளோரைடு 0.1 மில்லிகிராம்தான். குழந்தை அதை முழுதும் விழுங்கினாலும், இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவான 1.5 மில்லிகிராம் கொண்ட ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். பல்லின் மேற்பரப்பில் படும் இச்சிறு அளவு, கரைந்த எனாமல் மீண்டும் கட்டப்படும்போது அதை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக மாற்றுகிறது. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

ஆகவே, பலகாரத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. நேரம் வகுத்தால் போதும். இனிப்பை உணவு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். இடையில் தாகமெடுத்தால் தண்ணீர் கொடுங்கள். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே காலையிலும் தூங்கும் முன்பும் துலக்கிவிடுங்கள். மூன்று வயது வரை அரிசி மணி அளவு பேஸ்ட், அதன் பிறகு பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை குழந்தையால் தானாகச் சரியாகத் துலக்க முடியாது, பெரியவர் கை வேண்டும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று அவ்வப்போது மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் போனால் குழி விழாமலே பல்லைக் காப்பாற்றிவிடலாம்.