பாட்டி உப்பை ஏன் ஜாடியில் வைத்தார்?



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரியை உங்கள் தாத்தா பாட்டிக்கு நன்றாகத் தெரியும். கைநிறையப் பழத்துக்கு ஆசைப்பட்டு எத்தனையோ வீட்டு உழக்கும் கூஜாவும் அவருடைய சாக்குப் பைக்குள் போய்விட்டன. தப்பித்த சாமான்கள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அனுமந்தையில் இருப்பவர்களுக்கு அது நல்ல அறிவியல் பாடமும்கூட.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஊர் அனுமந்தை. கிழக்கே கடல், வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். இங்கே வீசும் காற்றில் ஈரமும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உப்பும் இருக்கும். கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களைவிட இங்கே சைக்கிள் சங்கிலியும் பூட்டும் ஜன்னல் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் இந்தக் கரையில் ஒரு பழைய சாமான் கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இத்தனை வருஷம் இது உப்பை எப்படிச் சமாளித்தது?

உலோகம் வேண்டாம்!

பழைய அடுக்களையில் தண்ணீருக்குப் பித்தளைக் குடமும் செம்புத் தவலையும் இருந்தன. புளியும் மோரும் பட்டால் செம்பும் பித்தளையும் கரையும் என்பதால், சமைக்கிற பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளீயம் பூசினார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தெருவோரத்து உலைச் சூடே அதற்குப் போதும்.

உப்பு மட்டும் மண்சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ மரத்தைக் குடைந்த மரவையிலோ இருந்தது. அதை அள்ளக் கொட்டாங்குச்சி அகப்பை. உலோகத்தை உப்பின் பக்கத்திலேயே விடவில்லை. ஏன்?

சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் கோக்கும். உப்பளத்துக் கல்லுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருக்கும். அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். கடலோரத்தில் காற்று அதைவிட உலர்ந்து போவது அபூர்வம். அதனால்தான் கல்லுப்பு கசிகிறது.

இரும்பு துருப்பிடிக்கும்போது ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகின்றன. இன்னோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க, இரண்டு இடத்துக்கும் நடுவே நீரின் வழியாக மின்னூட்டம் நகர வேண்டும். வெறும் தண்ணீரில் அது மெதுவாக நடக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதில் விறுவிறுவென்று நடக்கும்.

எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913-இல் ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் உறவுக்காரன்தான் நம் எவர்சில்வர். அதில் இருக்கும் குரோமியம், மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே அங்கங்கே துளைத்துவிடும். ரொம்ப நாள் உப்பு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவின் அடியை விரலால் தடவுங்கள். ஊசிமுனை அளவுக் குழிகள் தட்டுப்படலாம்.

மண்ணுக்கும் பீங்கானுக்கும் மரத்துக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பாட்டி எலக்ட்ரானைப் பற்றிப் படித்திருக்க மாட்டார். எது அரிக்கும், எது அரிக்காது என்பது பல தலைமுறைகள் புழங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்ட சேதி.

உப்பே ஜாடிக்கு மெருகு

உப்பு அரிக்க மட்டும்தான் செய்யும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரைக் குயவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சூளை 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது உள்ளே உப்பை வீசினார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து, ஜாடியின் மேல் கண்ணாடித் தோலாகப் படியும். அந்த மெருகு ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளி வைத்திருக்கும். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி, மேலே காவியும் கீழே வெள்ளையுமாக வழவழவென்று இருக்கும். அதற்குப் பூசிய மெருகு வேறு. பழைய ஜாடி எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். எந்த வகை என்று விரலே சொல்லிவிடும்.

வாளிப் பிடியும் போர்க்கப்பலும்

இரும்புப் பிடி போட்ட பழைய பித்தளை வாளி கிடைத்தால் பிடியின் நடுப்பகுதியைப் பார்க்காதீர்கள். அது வாளியின் காதுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். இரும்பு அங்கே மெலிந்து, அடுக்கடுக்காக உரிந்திருக்கும். பித்தளை அநேகமாக அப்படியே இருக்கும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் இருந்தால், எலக்ட்ரானை எளிதில் விடுகிற உலோகம்தான் அரித்துப் போகும். இந்த ஜோடியில் அது இரும்பு.

பிரிட்டிஷ் கடற்படையும் இந்தப் பாடத்தைப் படித்தது. 1761-இல் 'அலார்ம்' என்ற கப்பலின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்தார்கள். மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 1763-இல் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. ஆனால் இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. தகட்டோடு வந்த பழுப்புக் காகிதம் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பியிருந்தன. காகிதம், இரண்டு உலோகங்களும் தொடாமல் தடுத்திருந்தது.

இரண்டு பச்சை

செம்பிலும் பித்தளையிலும் பச்சை பிடித்திருந்தால் எந்தப் பச்சை என்று பார்க்க வேண்டும். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது உலோகத்துக்குக் கவசம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் ஆபத்து. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. அதிலிருந்து மறுபடியும் குளோரைடு, மறுபடியும் அமிலம். இதை 'வெண்கல நோய்' என்பார்கள்.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த சிலைகளுக்கும் இந்த நோய் வருவதுண்டு. 1851-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், 1930-களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளுக்குச் சிகிச்சை செய்தார். உங்கள் வீட்டுக் கிண்ணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஈரம் படாத டப்பாவில் வைத்தால் நோய் வேகம் குறையும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைப்பதால்தான் குடம் பளபளக்கிறது. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகமும் கொஞ்சம் போகும். பழைய பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். முதலெழுத்து, ஊர், சில சமயம் கல்யாணத் தேதிகூட இருக்கும். தேய்க்கத் தேய்க்க அதுவும் மங்கிவிடும். அந்த இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்து உரசிப் பெயரைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பில் உள்ள பாத்திரத்துக்குப் பளபளப்பைவிட அந்த எழுத்து முக்கியம்.

அளந்து பார்க்கலாம்

படி கிடைத்தால் விடாதீர்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்தியாவில் 1956-இல் வந்த சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் லிட்டரும் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் ஊருக்கு ஊர் படியின் அளவு வேறுபட்டது. உங்களிடம் உள்ள படி எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்து, துடைத்துக் காயவையுங்கள். பிறகு அதில் கல்லுப்பைத் தலைதட்டி நிரப்பி எடை போடுங்கள். அதே படியில் தூள் உப்பையும் நிரப்பி எடை போடுங்கள். இரண்டும் ஒரே எடை வராது. ஏன் என்று நீங்களே யோசியுங்கள். உப்பளத்துக்காரர்கள் எடைபோட்டு விற்பதில் என்ன நியாயம் என்றும் புரியும்.

சேர்ப்பவர்களுக்கு நாலு வார்த்தை

புனேயில் தினகர் கேல்கர் என்ற கவிஞர் 1920-வாக்கில் தொடங்கி ஊர் ஊராகப் போய் விளக்கு, பாக்குவெட்டி, மைக்கூடு என்று வீட்டுச் சாமான்களைச் சேர்த்தார். இன்று அது ஓர் அருங்காட்சியகம். சிறு வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரும் அதில் இருக்கிறது. நீங்கள் பெரிதாகத் தொடங்க வேண்டாம். பத்து சாமான், ஒரு நோட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, யார் வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எந்த உலோகம் என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும். பழைய பாத்திரத்தில் சாப்பிடாதீர்கள். பற்றவைப்பில் காரீயம் இருக்கலாம். பழைய பெயின்டைச் சுரண்டாதீர்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒரே மாதிரி நான்கு இரும்பு ஆணிகளை எடுத்து நான்கு கண்ணாடி டம்ளர்களில் போடுங்கள். முதலாவதில் வெறும் ஆணி. இரண்டாவதில் ஆணியும் தண்ணீரும். மூன்றாவதில் ஆணியும் உப்புத் தண்ணீரும். நான்காவதில் செம்புக் கம்பி சுற்றிய ஆணியும் உப்புத் தண்ணீரும். எது முதலில் துருப்பிடிக்கும், எது கடைசியில் என்று இப்போதே நோட்டில் எழுதிவிட்டு, ஒரு வாரம் தினமும் பாருங்கள். உங்கள் ஊகம் தப்பினால் அதை அடித்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள்.