உஷார்! அப்பா கேமராவில் முள் ஆடுகிறதா? நம்பிவிடாதீர்கள்!

பரணிலிருந்து அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை இறக்கிவிட்டீர்களா? தோல் உறையில் படிந்த பூஞ்சையைத் துடைத்து, புதுசாக ஒரு பேட்டரி போட்டு, கண்ணை வைத்துப் பார்த்து, "ஐ, முள் ஆடுது!" என்று குதித்தீர்களா?

கொஞ்சம் நில்லுங்கள். ஃபிலிம் டப்பாவை இன்னும் திறக்காதீர்கள்.

முள் ஆடுவது வேறு. முள் உண்மை சொல்வது வேறு.

செத்துப்போன லைட் மீட்டரால் யாருக்கும் நஷ்டமில்லை. முள் அசையவில்லை என்றால் நீங்களே ஃபோனை எடுத்து வெளிச்சம் பார்த்துக்கொள்வீர்கள். அரை உயிரோடு ஆடிக்கொண்டிருக்கிறதே, அந்த மீட்டர்தான் கழுத்தறுக்கும். கழுத்து அறுபட்டது உடனே தெரியவும் தெரியாது. பத்து நாள் கழித்து, லேபிலிருந்து ஃபிலிம் கழுவி வரும்போதுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். தாத்தாவுக்கு எண்பது முடிந்து திருக்கடையூரில் சதாபிஷேகம். எழுபதுகளில் தாத்தா ஆசையாக வாங்கிய ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர் வீட்டில் இருந்தது. "தாத்தா கேமராவிலேயே தாத்தாவை எடுக்கப் போறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தக் கேமராவுக்கு உரிய பேட்டரி இப்போது வருவதில்லை. கடைக்காரர் அதே அளவில் ஓர் அல்கலைன் பட்டன் பேட்டரியைக் கொடுத்தார். "கச்சிதமா உட்காருது பாருங்க. புள்ளி பதினஞ்சு வோல்ட்டுல என்னம்மா ஆகிடப்போகுது?"

முள் ஜோராக ஆடியது. கேமராவை ஆட்டோ மோடில் வைத்து 2 ரோல், 72 படம் எடுத்தாள்.

நெகட்டிவ் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கண்ணாடிப் பேப்பர். கலச நீர் ஊற்றும் படத்தில் தெரிந்தது ஹோமத் தீயும் தாத்தாவின் வெள்ளை வேட்டியும்தான். லேப்காரர் ஸ்கேனில் முடிந்தவரை வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு முழுக்கச் சேற்றுப் பச்சையாகி, மேலே மணலைக் கொட்டியது போல் புள்ளி புள்ளியாக வந்தது. பாட்டியின் அரக்குக் கூறைப்புடவை கரித்துணி மாதிரி இருந்தது. "போகட்டும் விடு, கண்ணால பார்த்தோமே" என்று பாட்டி சொன்னதுதான் அவளை இன்னும் அழ வைத்தது.

எல்லாம் அந்தப் புள்ளி பதினைந்து வோல்ட் செய்த வேலை!

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பல கேமராக்கள் பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. அது 1.35 வோல்ட் கொடுக்கும். தீர்ந்துபோகும் நாள்வரை ஏறாமல் இறங்காமல் அதே 1.35. மளிகைக்கடைத் தராசுக்கு எடைக்கல் எப்படியோ, அந்த மீட்டருக்கு அந்த வோல்ட் அப்படி. பாதரசம் விஷம் என்பதால் அந்த பேட்டரிகளை நாடு நாடாக நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. 2013-ல் வந்த சர்வதேச ஒப்பந்தத்துக்கு ஜப்பானின் மினமாட்டா ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பாதரசம் கலந்த விரிகுடா மீனைத் தின்று ஜனங்கள் நரம்பு கெட்டுப்போன ஊர் அது. நிறுத்தியது நியாயம்தான். ஆனால் நம் பரண் கேமராவுக்கு அது தெரியாதே!

அல்கலைன் புதுசில் 1.5 வோல்ட். எடைக்கல் மாறிப்போச்சு. முள் தாண்டிக் குதிக்கிறது. "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று கேமரா லென்ஸின் துவாரத்தைச் சுருக்குகிறது. ஃபிலிமுக்குப் போய்ச் சேர வேண்டிய வெளிச்சத்தில் பாதிதான் போகும், சில சமயம் கால்வாசிதான் போகும். அதோடும் விடாது. அல்கலைன் நாளாக நாளாக இறங்கிக்கொண்டே வரும், போன மாதம் சொன்ன பொய்யையே இந்த மாதமும் சொல்லாது. "ஏ.எஸ்.ஏ. டயலைக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கோ, சரியாகிடும்" என்பார்கள். எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு தப்பினால் சரியாகும். இது வெயிலில் ஓர் அளவு தப்பும், நிழலில் வேறு அளவு தப்பும்.

உங்கள் வீட்டில் இருப்பது கேனனெட் கியூ.எல்.17 ஜி3-ஆ? ஒலிம்பஸ் ஓ.எம்.1-ஆ? மினோல்டா எஸ்.ஆர்.டி. 101-ஆ? இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், கே1000 வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் மட்டும் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவற்றின் சர்க்யூட் வோல்ட் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும். ஆனால் கே1000-க்கு மீட்டரை அணைக்க சுவிட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் அலமாரியில் வைத்தால் பேட்டரி சத்தமில்லாமல் தீர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, வழி என்ன? காது மெஷின் கடைக்குப் போங்கள். நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 என்ற பேட்டரியைக் கேளுங்கள். துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் ஜாதி. 1.4 வோல்ட்டை ஒட்டி நிலையாக நிற்கும். பழைய 625 பாதரச பேட்டரி இருந்த குழியில் இது சின்னதாக ஆடும், சுற்றி ஒரு ரப்பர் வாஷர் போட வேண்டும். ஸ்டிக்கரை உரித்த நிமிஷத்திலிருந்து அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். சில வாரமோ, சில மாதமோதான். படம் எடுக்கப் போகும் அன்றைக்கு உரியுங்கள். அடிக்கடி எடுப்பவர் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் வாங்கி, சில்வர் ஆக்ஸைடு பேட்டரி போடுவது நல்லது.

"என் கேமராவுக்கு பேட்டரியே வேண்டாமே!" என்கிறீர்களா? உங்களுக்கு வேறு ஆபத்து.

லென்ஸைச் சுற்றியோ நெற்றியிலோ தேன்கூடு மாதிரி கொப்புளக் கண்ணாடி இருந்தால் அது செலினியம். ஒலிம்பஸ் ட்ரிப் 35, ரஷ்யாவின் ஜெனிட்-ஈ எல்லாம் இந்த வகை. வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கும். அதற்கு எமன் ஈரம். கடலோர ஊர்க்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். ஈரம் இறங்கிய செலினியம் சோம்பிப்போகும், பளீர் வெயிலையும் மங்கல் என்று சொல்லும். இங்கே தப்பு மறுபக்கம், படம் வெளுத்துப்போகும். நெகட்டிவ் ஃபிலிம் என்றால் ஓரளவு தாங்கும். ஸ்லைடு என்றால் அவ்வளவுதான், வானம் வெள்ளைத் தாள். ட்ரிப் 35-ஐ ஆட்டோவில் வைத்து வெயிலில் நீட்டியும் உள்ளே சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் பூட்டிக்கொண்டால், பெரும்பாலும் செல் போய்விட்டது என்று அர்த்தம்.

செலினியத்துக்கு சார்ஜ் ஏற்ற முடியாது. "ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், செல்லையே மாற்றுவாரா என்று கேளுங்கள். சிலர் உள்ளே ஒரு ரெசிஸ்டரை மாற்றி முள்ளைத் தூக்கிவிட்டுக் கொடுப்பார்கள். ஜன்னலோரம் காட்டும்போது சரியாகத்தான் இருக்கும். மாலை மங்கினால் குட்டு வெளிப்படும்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி உஷாராக இருங்கள்! அதில் ஷட்டரின் நேரத்தையே மின்சாரம்தான் தீர்மானிக்கிறது. பேட்டரி செத்தாலும் ஷட்டர் 'க்ளிக்' என்று அடிக்கும், 500-ல் ஒரு பங்கு விநாடியில். சத்தம் வருகிறதே என்று ரோல் முழுக்க எடுத்துத் தள்ளுவீர்கள். வீட்டுக்குள் எடுத்தது அத்தனையும் இருட்டு. அதன் பேட்டரி செக் பட்டனை அழுத்தி விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி, கேமராவைக் கையில் எடுத்தவுடன் எதையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டும்?

பேட்டரி மூடியைக் காசு வைத்துத் திருகுங்கள். திறக்கவில்லையா? உள்ளே ஏதோ கசிந்து இறுகியிருக்கிறது. வெள்ளை மாவு, பச்சைப் பாசி தெரிகிறதா? வெறும் விரலால் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் எரிக்கும் காரம் அது. காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். குழி பளபளப்பானதும் முடிந்ததென்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சைப் பாசி வயர் வழியாக உள்ளே ஏறியிருக்கலாம். வயரை மாற்ற வேண்டி வரலாம்.

ஷட்டர் டயலையோ ஏ.எஸ்.ஏ. டயலையோ மெல்லத் திருப்பும்போது முள் வழுக்கிப் போகாமல் துள்ளித் துள்ளிப் போகிறதா? உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. கேமராவைத் தட்டினால்தான் முள் நகர்கிறதா? எங்கேயோ விழுந்து எழுந்த கேமராவாக இருக்கலாம். தட்டித் தட்டி வேலை வாங்காதீர்கள், முள் தாங்கும் ஊசிமுனை இன்னும் மோசமாகும்.

தயவுசெய்து தையல் மெஷின் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள்! எண்ணெய் ஊர்ந்து ஷட்டர் இதழ்களில் ஒட்டினால் மீட்டரோடு கேமராவும் போச்சு.

ஆன்லைனில் வாங்கும்போது 'மீட்டர் வொர்க்கிங்' என்று போட்டிருந்தால், "எந்த பேட்டரி போட்டுப் பார்த்தீங்க? எத்தனை வெளிச்சத்தில் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், மீட்டர் இல்லாத கேமரா என்று நினைத்து விலை பேசுங்கள். ரிப்பேர்காரரிடமும் இதே கேள்விதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே சுவர். ஒரே ஐ.எஸ்.ஓ. (டயலில் இருக்கும் ஏ.எஸ்.ஏ.-தான்). வெயிலில் ஒரு முறை, திண்ணை நிழலில் ஒரு முறை, அறைக்குள் ஒரு முறை. ஃபோன் மீட்டர் சொல்வதையும் முள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றிலும் அரை ஸ்டாப்புக்குள் ஒத்துவந்தால் தைரியமாக ஃபிலிம் போடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தப்பினால் டயலைத் திருப்பிச் சமாளிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி என்றால் அந்த முள்ளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கேமராவை மேனுவலில் வைத்து, ஃபோன் சொல்வதைக் கேளுங்கள். ஃபோனும் கையில் இல்லையென்றால், நல்ல வெயிலில் 400 ஃபிலிமுக்கு எஃப் 16, 500-ல் ஒரு பங்கு விநாடி. மேனுவலே இல்லாத கேமராவா? அது அலமாரியிலேயே அழகாக இருக்கட்டும்.

ஒரு நிமிஷம். சோதனைக்காகக் கழற்றினீர்களே, அந்தப் பழைய பேட்டரி எங்கே? டேபிள் மேலா? வீட்டில் தவழும் குழந்தை உண்டா? முதலில் அதை எடுங்கள்! மிட்டாய் மாதிரி பளபளக்கும் சின்ன வட்டம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள். தாத்தா காலத்து பேட்டரி என்றால் பாதரசமாகவும் இருக்கலாம். குப்பையில் வீசாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, எலெக்ட்ரானிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும்வரை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

போங்கள், டேபிளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.