உங்களுக்குத் தெரியுமா? இரத்தத்தைத் தொடாத சர்க்கரைமானி

நீரிழிவு உள்ளோர் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார் இரத்தத்தை அளப்பதே இல்லை. தோலுக்கடியில் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள திரவத்திலே கரைந்திருக்கும் சர்க்கரையைத்தான் அது இரவும் பகலும் அளந்து சொல்கிறது.

• இரத்தத்தில் நேரும் மாறுதல் அத்திரவத்தை எட்டச் சில நிமிஷங்கள் பிடிக்குமாதலால், உணவுக்குப் பின்னும் தேகப்பயிற்சியின்போதும் விரல்நுனிச் சோதனையும் சென்சாரும் வெவ்வேறு எண்களைக் காட்டுவது சகஜமே. ஆயினும் தேகம் நடுங்கி வியர்க்கும்போது சென்சார் குறைவேதும் இல்லையென்று காட்டுமானால், விரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிடுவதே விவேகம்.

• சென்சார் பதிந்த கையின்மேல் சாய்ந்து உறங்கினால், அந்த அழுத்தத்தாலேயே சர்க்கரை தாழ்ந்துவிட்டதாகப் பொய்யான எச்சரிக்கை நள்ளிரவில் ஒலிக்கக்கூடும்.

• பெரும்பாலான சென்சார்களுக்கு ஆதாரமான நொதி மின்முனைத் தத்துவத்தை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க், சக ஆய்வாளர் ஒருவருடன் 1962-இல் வெளியிட்டார்.