மலிவான கருவியும் மற்றவர் சாட்சியும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வாழ்பவருக்கு இரும்பின் பகை இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறைக் கரையிலும் சோளகக் காற்று எழுந்துவிட்டால், வாசற்கதவின் கொண்டியும், கிணற்றுக் கப்பியும், எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த உளியும்கூட, கடலுக்குத் தொலைவான ஊர்களில் நெடுங்காலம் சென்று காணும் கறளைச் சில மாதங்களிலேயே கண்டுவிடுகின்றன. உலோகப் பூச்சின் உறுதியைப் பரீட்சிப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு முறை உண்டு. 1939இல் அமெரிக்காவில் முதன்முதல் நியமமாக வெளியிடப்பட்ட அம்முறையின்படி, மூடிய பெட்டி ஒன்றினுள் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில், நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைந்த நீரை நுண்துளிகளாகத் தூவி, உள்ளே வைத்த பொருள் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கணக்கிடுவார்கள். தீவகத்து மீனவரும் மேசனும் தச்சரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே தம் கருவிகளோடு சீவிக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவர்களுக்கு மலிவான கருவி விருப்பத்தின்பாற்பட்டதன்று, நிர்ப்பந்தத்தின்பாற்பட்டது. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஓர் அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளுக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, பெயர்பெற்ற யப்பானிய, ஜேர்மனியக் கருவிகளின் கிரயம் சாமானியரின் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே, அறியாத பெயருடைய துளைக்கும் மிசினொன்றை மலிவுக்கு வாங்கி வருபவரை விவரமற்றவர் என்று இகழ்வது அநியாயம். நல்ல மலிவையும் கெட்ட மலிவையும் பிரித்தறிய அவருக்கு வழி சொல்வதே செய்யத்தக்கது. தீவில் இருப்பவர் கெட்ட மலிவை வாங்கிவிட்டால் அப்பிழையின் விலை இருமடங்கு என்பதையும் மறக்கலாகாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பழுதான கருவியைத் திருப்பிக் கொடுக்க யாழ்ப்பாணம் போய் வருவதென்றால் ஒரு நாட் கூலி போய்விடும். அதற்கு அஞ்சியே பலர் பழுதைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

முன்னாளில் இந்த விசாரத்துக்கு அதிகம் இடமிருக்கவில்லை. மண்வெட்டியும், கோடரியும், பனையில் பாளை சீவும் கத்தியும், ஊரிலோ அயலூரிலோ இருந்த கொல்லுலையில் அடித்து வாங்கப்பட்டன. ஊர்காவற்றுறையில் பாய்க்கப்பல் கட்டிய காலத்து ஓடாவிமாரின் உளியும் வாச்சியும் எந்த உலையிலிருந்து வந்தன என்பது அவரவர்க்குத் தெரிந்த விஷயம். வாய் மடிந்தால் அடித்தவரிடமே கொண்டுபோய்க் காட்டலாம். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திய புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு வணிகர்களும், ஒருமுறை கெட்ட பெயர் மறுமுறை வியாபாரத்தைக் கெடுக்கும் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்களே. இன்றோ, கைபேசித் திரையில் ஒரு படம், ஒரு விலை, அதன் கீழே நாலரை நட்சத்திரம்; செய்தவர் யார், எங்கே செய்தார், அடுத்த ஆண்டு அதே பெயரில் இருப்பாரா என்பவற்றுள் எதுவும் வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

பொருளின் தரத்தை விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாதிருந்தால் சந்தைக்கு என்ன நேரும் என்பதை ஜார்ஜ் அக்கர்லோவ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அதுவே முக்கிய காரணம். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையையே கொடுக்க முன்வருவார். அவ்விலை நல்ல பொருளைச் செய்பவருக்குக் கட்டாது. அவர் விலகிப்போக, சந்தையில் கெட்டதே மிஞ்சும் என்பது அக்கர்லோவ் கண்ட முடிவு. பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றியே அவர் பெரிதும் பேசினாலும், கடையில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலந்த கற்களைப் பொறுக்கும் இந்திய இல்லத்தரசியையும் அதே கட்டுரையில் நினைவுகூர்ந்திருக்கிறார். சுளகு பிடிக்கும் நம் பெண்மக்கள் என்றைக்கும் அறிந்திருந்த உண்மையைப் பொருளியல் சாத்திரம் காலந்தாழ்த்தியே ஏற்றுக்கொண்டது.

இனி, அறிவது எப்படி? யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியோர் போற்றிப் பயின்ற சிவஞான சித்தியார், பொருளின் இயல்பை ஆராயப் புகுமுன், அறிவதற்கான அளவைகளை ஆராய்ந்து, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றுள் அடங்கும் என்று நிறுவுகிறது. இரும்புக் கடையில் நிற்பவருக்கும் இவையன்றி வேறு வழியில்லை: கண்ணாலும் கையாலும் அறிவது, அடையாளத்தைக் கொண்டு காணாததை ஊகிப்பது, அறிந்தவர் சொல்லை நம்புவது. நட்சத்திரத்தோடு வரும் வாடிக்கையாளர் அபிப்பிராயம் இம்மூன்றாவதைச் சேர்ந்தது. அதை முதலாவதாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிடுவதே இன்று பெரும்பாலும் நிகழும் பிழை என்பது என் எண்ணம்.

கண்ணையே முதலில் மயக்குவது பளபளப்பு. ஸ்பனரிலும் குறட்டிலும் நாம் காணும் மின்னல் குரோமியப் பூச்சினால் வருவது. குரோமியம் தான் எளிதில் அரிபடாதே தவிர, தன் கீழுள்ள உருக்கைத் தன்னை அழித்துக் காக்கும் இயல்பு அதற்கில்லை. மெல்லிய பூச்சில் ஊசிமுனையளவு கீறல் விழுந்தாலும் உப்பு ஈரம் அத்துளையால் இறங்கி, உருக்கையே முதலில் தின்று, பூச்சைக் கொப்பளிக்கச் செய்து செதிலாக உரித்துவிடும். நாகப்பூச்சின் குணம் இதற்கு மறுதலை: உருக்கைவிட முந்தி அரிபடும் உலோகமாதலால், கீறிய இடத்திலும் நாகம் தான் கரைந்து உருக்கைச் சில காலம் காத்து நிற்கும். அதிலும், உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த பூச்சு மங்கிய சாம்பல் நிறத்தோடு தடிப்பாக இருக்கும். மின்முறையால் ஏற்றிய பூச்சு அழகாக மின்னினும் மிக மெல்லியது. ஆகையால் வள்ளத்துக்கும் வேலிக்கும் ஆணி, போல்ட் வாங்கும் தீவகத்தவர் அழகு குறைந்ததையே விரும்பி எடுப்பது புத்தி. கறையில் உருக்கைக் காந்தத்தால் பரீட்சிக்கும் வழக்கமும் உண்டு; அது பாதி உண்மையே. 304, 316 என்ற இரு வகைகளிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் மொலிப்தினம் சிறிது சேர்ந்த 316 வகையே கடலுப்பை நெடுநாள் எதிர்த்து நிற்கும்.

உருக்கின் வன்மையை அறிய நல்ல அரம் ஒன்று போதும். உளியின் வாயருகே அரத்தை மெல்ல இழுக்கும்போது அது வழுக்கிச் சென்றால் உருக்குச் சரியாகப் பதமேற்றப்பட்டது. பற்றிக்கொண்டு துகளை உதிர்த்தால் அந்த உளி பாலை மரத்தின் முன் நில்லாது. கருவியின் கைப்பிடியில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்ப இயலாது. எந்த உலோகக் கலவையானாலும் அதைச் சூடாக்கிக் குளிர்வித்த முறையே அதன் வலிமையை நிச்சயிக்கிறது, எழுத்தையோ எவரும் பொறித்துவிடலாம்.

மின்கலத்தால் இயங்கும் துளைக்கும் மிசின்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் பொய் மிகுந்து விளையும் நிலம் அதுதான். பெட்டியின்மேல் 48 வோல்ட், 98 வோல்ட், 128 வோல்ட் என்றெல்லாம் பெரிய எண்கள் அச்சிடப்படுகின்றன. லித்தியம் அயன் மின்கலம் ஒன்றின் இயல்பான அழுத்தம் 3.6 வோல்ட் அளவே; ஐந்து கலங்களைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட். நேர்மையான உற்பத்தியாளர்கள் இதையே 18 என்றும், முழு மின்னேற்ற நிலையைக் கருதி 20 என்றும் குறிப்பார்கள். உள்ளே ஐந்து கலங்களை வைத்துக்கொண்டு வெளியே 98 என்று எழுதுபவர் வேறு எதிலும் உண்மை பேசுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கலங்களை எண்ணப் பெட்டியைப் பிளக்க வேண்டாம், தராசு போதும். சாதாரணமாகப் பயன்படும் 18650 என்ற அளவுள்ள கலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். பத்துக் கலம் உள்ளதென்று சொல்லும் பொதி அரைக் கிலோவைக்கூட எட்டாவிட்டால் உள்ளே பத்து இல்லை. அந்த அளவுக் கலமொன்று அதிகம் போனால் 3,500 மில்லியம்பியர் மணி அளவே கொள்ளும். 9,900 என்ற எண்ணைக் கண்டால் வேறு பரீட்சை தேவையில்லை.

உயிரோடு சம்பந்தப்பட்டதாகையால் கிரைண்டர் தட்டைத் தனியே குறிப்பிடுகிறேன். பிசினால் பிணைத்த வெட்டுத்தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில், பயன்படுத்த வேண்டிய கடைசித் திகதியை ஐரோப்பிய நியமத்தைப் பின்பற்றும் உற்பத்தியாளர்கள் பொறிக்கிறார்கள். செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அதன் ஆயுள். ஈரம் பிசினைத் தளர்த்துமாதலால் கடற்கரை வீட்டில் திறந்து கிடந்த தட்டு அதற்கு முன்னமே நம்பத்தகாததாகலாம். 115 மில்லிமீற்றர்த் தட்டொன்று நிமிடத்துக்கு 13,300 சுற்று வரை தாங்கும் என்று பொறித்திருக்கும். அந்த எண் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தாலும், எண்ணே இல்லாவிட்டாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடலாகாது. சுழலும்போது உடையும் தட்டின் துண்டு முகத்தை நோக்கி வரும் வேகத்தில் விலகுவதற்கு எவருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.

நாட்டின் பெயரைக் கேட்டே தீர்ப்பளிப்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லலாம். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்த்த ஜேர்மனிய அறிஞர் பிரான்ஸ் ரொய்லோ, தம் நாட்டுப் பண்டங்களே மலிவும் மட்டமுமானவை என்று வெளிப்படையாக எழுதினார். ஷெப்பீல்டு என்ற ஆங்கிலப் பட்டினத்தின் பெயரைப் பொய்யாகத் தாங்கி வந்த அந்நியக் கத்திகள் முதலியவற்றைத் தடுக்கவே 1887இல் பிரித்தானியா வணிகக் குறிச் சட்டத்தை இயற்றியது. இழிவுக்கு அடையாளமாக வந்த ‘ஜேர்மனியில் செய்தது’ என்ற முத்திரை, சில பத்தாண்டுகளுக்குள்ளேயே தரத்துக்கு அடையாளமாகிவிட்டது. சீனத்திலிருந்து வருவன எல்லாம் ஒரே தரம் என்று பேசுவதும் அவ்வாறே நிலையாத பேச்சு.

மற்றவர் சொல்லுக்கு வருவோம். உரை அளவையாவதற்கு அதைச் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது தருக்க நூலார் கொள்கை: விஷயத்தை உள்ளபடி அறிந்தவராகவும், பொய் சொல்லக் காரணம் இல்லாதவராகவும் இருப்பவரே ஆப்தர். நட்சத்திரங்களின் எண்ணிக்கை இவ்விரண்டில் ஒன்றையும் நமக்குச் சொல்வதில்லை. “விரைவில் வந்து சேர்ந்தது, பொதி நன்றாகக் கட்டியிருந்தது” என்ற புகழுரை பொதியைக் கொணர்ந்தவருக்கு உரியது, சுத்தியலுக்கு உரியதன்று. பொதியைப் பிரித்த நாளில் எழுதியவர் கருவியின் பளபளப்பைத்தான் அறிவார், ஆயுளை அறியார். மிக மகிழ்ந்தவரும் மிக வெகுண்டவருமே எழுத உட்காருகிறார்கள், நடுத்தரமான அனுபவம் பெற்றவர்கள் எழுதாதிருந்துவிடுகிறார்கள் என்பதும், அதனால் சராசரி மதிப்பெண் உண்மையைக் காட்டாது என்பதும் 2009இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றால் தெளிவுபடுத்தப்பட்டவை. ஆகவே நான் ஐந்து நட்சத்திரக் கூட்டத்தைக் கடந்து, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைத் தேடிப் படிப்பதே நல்லதென்பேன்: எந்த வேலைக்குப் பயன்படுத்தினார், எத்தனை மாதம் சென்றது, எந்தப் பாகம் முதலில் போயிற்று என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒருவர் ஆயிரம் நட்சத்திரங்களுக்குச் சமம். கூலிக்குப் புகழ்வோரின் தொகை பெருகியதனாலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய அபிப்பிராயங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற நியமத்தை வெளியிட்டது. அமெரிக்கா 2024 ஒக்டோபரிலிருந்தும் பிரித்தானியா 2025 ஏப்ரலிலிருந்தும் பொய் அபிப்பிராயங்களைச் சட்டத்தால் தடை செய்தன.

ஆனால் மெய்யே எழுதும் சாட்சியும் இடம் மாறினால் பயனற்றுப் போகக்கூடும். கண்டியிலோ இலண்டனிலோ இரண்டாண்டு உழைத்த குறடு நெடுந்தீவில் ஒரு சோளகத்தைக் கடக்குமா என்பதை அந்த ஊர்க்காரர் எப்படி அறிவார்? இதற்குரிய ஆப்தர் இறங்குதுறையில் நிற்பவரே. “அண்ணை, போன மாரிக்கு எடுத்த மிசின் இப்ப எப்பிடி?” என்று கேட்டால், “மிசின் பிழையில்லைத் தம்பி, சுவிச்சுக்குள்ளதான் கறள் ஏறிப்போச்சு, ரெண்டு தரம் கழட்டித் துடைச்சனான்” என்று வரும் மறுமொழியில் காலம், இடம், பழுது, பரிகாரம் நான்கும் இருக்கின்றன. இத்தகைய சொற்களை நம் தீவகத்தார், வாங்கி ஓராண்டு சென்றபின், ஊர்ப்பெயரோடும் கடலிலிருந்துள்ள தூரத்தோடும் எழுதத் தொடங்குவார்களானால், மன்னார் முதல் மட்டக்களப்பு வரை கரையோரத்தில் வாழும் எத்தனையோ தொழிலாளருக்கு அது பேருபகாரமாகும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அவ்வகைப் பண்டங்களில் வியாபாரம் செய்பவரிடம் விவரணையைக் கொண்டு வாங்கிய பண்டம் விற்கத்தக்க தரமுடையதாக இருக்கவேண்டும் என்பதை உட்கிடையான நிபந்தனையாக வைத்திருக்கிறது. எனினும் வாங்குபவர் பண்டத்தைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அந்நிபந்தனை பொருந்தாது; உள்ளே மறைந்திருந்த குறைக்கே விற்றவர் பொறுப்பு. பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் வைத்திருப்பவர், 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போகிறவர், பெட்டியைக் கடையிலேயே பிரித்து, மின்கலத்தைத் தராசில் வைத்து, மிசினைச் சில நிமிடம் ஓடவிட்டு, உத்தரவாதப் பத்திரத்தில் திகதியும் கடை முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறலாம்.