திண்ணையில் தொடங்கும் வாணிபம்

திருச்சி மாநகரில் வாணிபம் எங்கே நடைபெறுகிறது என்று யாரேனும் வினவினால், காந்தி சந்தையையும் பெரிய கடை வீதியையும் என்.எஸ்.பி. சாலையையும் சுட்டிக்காட்டுவோம். ஆனால் பெயர்ப்பலகை இல்லாத, வாடகை இல்லாத, கல்லாப் பெட்டியும் இல்லாத வாணிபம் ஒன்று இந்நகரின் எல்லாத் தெருக்களிலும் நாள்தோறும் நடந்து வருகிறது. கட்டிலுக்கடியில் சேலை மூட்டை. அலமாரியின் மேல்தட்டில் நெகிழிப் பாத்திரங்கள். அரிசிப் பானைக்கருகே ஊறுகாய்ப் புட்டிகள். இல்லத்தரசிதான் முதலாளி, அவரே கணக்கர், அவரே விற்பனையாளர், அவரே கூலியாள். அதற்கிடையே சோறும் வடிக்க வேண்டும்!

இஃது இன்று நேற்று தோன்றியதன்று. பொன்மலை இரயில்வே குடியிருப்பிலும், திருவெறும்பூர்ப் பெல் குடியிருப்பிலும், சம்பளத் தேதியைக் கணக்கிட்டுத் தவணையில் சேலை விற்ற தாய்மார்களைப் பலரும் அறிவர். உறையூர்த் தறிகளில் நெய்த நூற்சேலைகள் கடைக்குப் போகாமலேயே வீடு வீடாய்ச் சென்றதுண்டு. திருவரங்கத்து வீதிகளில் அப்பளமும் வடகமும் வற்றலும் கோடை வெயிலில் மொட்டை மாடிகளில் காய்ந்து, மழைக்காலத்துக்குள் அண்டை வீடுகளுக்குப் பங்கிடப்பட்டு விடும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், புனித பவுல் அடிகளைத் தம் இல்லத்தில் தங்குமாறு வற்புறுத்தி அழைத்த லீதியாவும் விலையுயர்ந்த செந்நிறத் துணி விற்றவர் என்றே திருத்தூதர் பணிகள் நூல் அறிமுகப்படுத்துகிறது. அவருடைய வாணிபத்தைப் பற்றி அந்நூல் குறை ஏதும் கூறவில்லை.

ஆகவே, ‘பெண்கள் வீட்டிலிருந்து விற்பனை செய்யலாமா?’ என்ற வினா தேவையற்றது. செய்து கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு, அடகில் இருக்கும் வளையல் ஆகியவையே அவர்களைச் செய்ய வைக்கின்றன. வீடு சிதையாமல் இதை எப்படி நடத்துவது என்பதே நம் முன் உள்ள வினா.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். ‘வீட்டிலிருந்தபடியே, ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கலாம்’ என்று ஆள் சேர்க்க வருவோர் சொல்வது வழக்கம். அந்த ஓய்வு நேரம் எது? காலை ஐந்து மணிக்கு எழும் தாய், குழாய்நீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரை வேலைக்கும் அனுப்பி, துவைத்துக் காய வைத்து நிமிர்கையில் மணி பதினொன்று. அதன்பின் மூன்று மணி வரை அவருக்கு ஓய்வு உண்டுதான். ஆனால் அந்நேரத்தில் வாங்குவோர் வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும் உண்டபின் கண்ணயர்ந்திருப்பர். வாங்குவோருக்கு வசதியான நேரம் மாலை ஐந்து முதல் எட்டு வரை. அதே நேரத்தில்தான் நம் பிள்ளைகளும் பசியோடு பள்ளியிலிருந்து திரும்புகிறார்கள், வீட்டுப்பாடம் விரிக்கப்படுகிறது, குடும்பச் செபமாலைக்கு மணி அடிக்கிறது. மற்றவர் குடும்பத்துக்கு ஓய்வான வேளையே நம் குடும்பத்துக்கும் ஓய்வான வேளை. இவ்வாணிபத்தின் மெய்யான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

இதை முற்றிலும் தீர்க்க வழியில்லை, குறைக்க வழியுண்டு. வாரத்தில் இரண்டே மாலைகளை விற்பனைக்கென ஒதுக்கி, அவை எவை என்பதை வீட்டாருக்கும் வாங்குவோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒன்று. தெருவைப் பிரித்துக் கொள்வது மற்றொன்று. திருவரங்கத்தில் வசிப்பவர் ஒரே மாலையில் அடையவளஞ்சான் வீதியையும் கண்டோன்மெண்டையும் சுற்ற முற்பட்டால், பொருளைக் காட்டும் நேரத்தைவிடப் பேருந்தில் நிற்கும் நேரமே மிகும். சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976ஆம் ஆண்டு முதல் இரு கரைகளையும் ஒரே ஊராக்கியது மெய்தான். ஆனால் 2022ஆம் ஆண்டின் இறுதியில் அது பழுதுபார்ப்புக்காகச் சில மாதங்கள் அடைக்கப்பட்டபோது, அக்கரையில் வாடிக்கை வைத்திருந்தவர் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நடந்து போய் வரக்கூடிய நான்கு தெருக்களுக்குள் வாடிக்கை அமைவதே சிறு வாணிபத்துக்கு நலம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழகத்தில் தொடங்கப்பட்டபின் பயணச் செலவு குறைந்தது. பயண நேரமோ குறையவில்லை.

இக்காலத்தில் கைப்பேசி ஒன்று சேர்ந்து கொண்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அலைச்சல் மிச்சம் என்று எண்ணினோம். இரவு பத்தரை மணிக்கு ‘அக்கா, இந்த நிறம் வேறு பூப்போட்டு இருக்கிறதா?’ என்று கேள்வி வருகிறது. பதில் எழுதாவிடில் வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சத்தில், உணவு பரிமாறும் கை கைப்பேசியைத் தேடுகிறது. கடைக்கேனும் இரவில் கதவடைப்பு உண்டு. இதற்கும் ஒரு கதவடைப்பு நேரம் வைத்தே ஆக வேண்டும்; எட்டு மணிக்குப் பின் விடை காலையில்தான் என்று இருமுறை கண்டால் வாடிக்கையாளர் தாமே பழகிக் கொள்வர்.

அடுத்து, பணம். இங்கே சற்று நின்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 600 ரூபாய்க்கு வாங்கிய சேலையை 720 ரூபாய்க்குத் தவணையில் விற்பதாகக் கொள்வோம். பத்துச் சேலை விற்றால் 1,200 ரூபாய் இலாபம் என்று மனம் கணக்கிடுகிறது. பத்துப் பேரில் ஒருவர் ஒரு தவணையும் கட்டாமல் வீடு மாறிப் போய்விட்டால் என்ன ஆகும்? ஒன்பது சேலையில் கிடைத்த 1,080 ரூபாயில், போன சேலையின் முதலான 600 கழிந்து, மிஞ்சுவது 480 ரூபாயே. ஒரே ஒருவரால் இலாபத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது! இதில் பயணச் செலவும் நம் கூலியும் சேரவில்லை. தவணை வாணிபம் செய்வோர் விற்பனைக் கணக்கை எழுதுவதைவிட வசூல் கணக்கை எழுதுவதே இன்றியமையாதது. அப்பணத்துக்கெனத் தனி டப்பாவோ தனி வங்கிக் கணக்கோ வேண்டும். வீட்டுச் செலவுப் பணமும் சரக்குப் பணமும் ஒரே சுருக்குப்பையில் கிடந்தால், மாதக் கடைசியில் மளிகைக் கடனை அடைத்தது எது, முதலை விழுங்கியது எது என்று அறிய முடியாது.

முதல் போட வேண்டாத விற்பனையும் உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்புக்காகப் பெண்களை முகவர்களாக்கும் திட்டம் 1972இல் தொடங்கப்பட்டது. மாதந்தோறும் வீடுகளில் சந்தா பெற்று அஞ்சலகத்தில் செலுத்தும் முகவருக்கு நூற்றுக்கு 4 ரூபாய் கழிவு. மாதம் 4,000 ரூபாய் ஈட்ட வேண்டுமாயின் ஓர் இலட்சம் ரூபாய் வசூலிக்க வேண்டும். அதாவது ஆயிரம் ரூபாய் கட்டும் நூறு வீடுகள். பெருந்தொகை அன்று, ஆயினும் கட்டிலுக்கடியில் விலைபோகாத சரக்குத் தேங்குவதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகமும் 2024 டிசம்பரில் பீமா சகி என்னும் பெயரில் மகளிர் முகவர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஊரார் பணம் கையில் புரளும் தொழில் என்பதால், வசூலித்த தொகையை ஓர் இரவும் வீட்டுச் செலவுக்குத் திருப்பாத கண்டிப்பு மட்டும் இதில் கட்டாயம் வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்களின் நேரடி விற்பனை தனி வகை. டப்பர்வேர் நிறுவனம் 1951இல் தன் பாத்திரங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, அமெரிக்க இல்லத்தரசிகள் வீட்டில் நடத்தும் விருந்துகள் வழியாகவே விற்க முடிவு செய்தது. 1996இல் நம் நாட்டுக்கும் வந்தது. 1998இல் இந்தியாவில் விற்பனை தொடங்கிய ஆம்வே, 2015இல் நம் திண்டுக்கல் மாவட்ட நிலக்கோட்டையில் தொழிற்சாலையே திறந்தது. இவற்றின் பொருள்களை விற்று நேர்மையாக ஈட்டும் பெண்கள் இருக்கிறார்கள். எனினும் பெரிய பெயர் என்பதாலேயே அச்சமின்றி முதல் போடலாகாது. டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

பொருளை விற்பதைவிட ஆள் சேர்ப்பதையே பெரிதாகப் பேசும் அமைப்புகளைக் கண்டால் விலகிச் செல்க. நீங்கள் ஆறு பேரைச் சேர்க்க, அவர் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க, எட்டாம் படியில் மட்டும் 16,79,616 பேர் தேவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் திருச்சி மாநகரின் மக்கள் மொத்தமே பத்து இலட்சத்துக்கும் குறைவு. கைக்குழந்தையையும் சேர்த்தாலும் போதாது! பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நேரடி விற்பனைக்கென 2021 டிசம்பரில் வெளியான விதிகளும் அடுக்குமுறை ஆள்சேர்ப்பைத் தடுக்கின்றன. விற்பனையாளர் அடையாள அட்டை இன்றியோ, முன்கூட்டி இசைவு பெறாமலோ ஒருவர் வீட்டுக்குச் செல்லலாகாது என்றும் கூறுகின்றன. ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது நம் உறவு வட்டம். வீட்டு வாணிபத்தின் முதல் வாடிக்கையாளர் யார்? நாத்தனார், ஓரகத்தி, எதிர்வீட்டு அக்கா, அன்பியத்தில் உடன் அமரும் சகோதரிகள். அன்பினால் ஒருமுறை வாங்குவர். கூச்சத்தினால் இரண்டாம் முறை வாங்குவர். மூன்றாம் முறை, நாம் வரும்போது கதவு சாத்தியிருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து மேலப்புதூர்ப் பேராலய வளாகத்திலோ பாலக்கரை சகாய மாதா கோயில் வாயிலிலோ நலம் விசாரிக்க ஒருவர் நெருங்கும்போது, ‘இவர் எதை விற்க வருகிறாரோ?’ என்ற எண்ணம் எதிரே நிற்பவர் முகத்தில் தோன்றுமானால், அந்த இழப்பு எந்தக் கணக்கு ஏட்டிலும் ஏறாது. செபக் கூட்டத்துக்குப் பையைக் கொண்டு போகாதிருத்தல், கேட்டவருக்கு மட்டும் காட்டுதல், வேண்டாம் என்றவரிடம் அதைப்பற்றி மறுபடியும் பேசாதிருத்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பவருக்கு விற்பனை மெல்லத்தான் வளரும். ஆனால் உறவு அறுவதில்லை. 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கே பெண்கள் பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் அப்பளமாக இட்டு, திருப்பித் தந்து கூலி பெறுகிறார்கள். விற்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. உற்றாரிடம் விற்றுத் தீர வேண்டிய நெருக்கடி அப்பெண்களுக்கு இல்லை.

வீட்டு ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். மனைவியின் வருவாயில் இரு சக்கர வண்டிக்குத் தவணை கட்டும் கணவர், விற்பனை மாலைகளில் தோசை வார்ப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாக எண்ணுவதில் என்ன நியாயம் இருக்கிறது? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதிய குடும்பம் பற்றிய திருத்தூது ஊக்கவுரையில், பெண்கள் இல்லத்தில் ஆற்றும் பணியைச் சமுதாயம் மதித்துப் போற்ற வேண்டுமென வலியுறுத்தினார். மதிப்பது என்பது அதில் பங்கு கொள்வதும்தான். பத்து வயதான பிள்ளை பொட்டலத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டலாம், கணக்கும் பழகும். ஆனால் பாக்கி கேட்கப் பிள்ளையை அனுப்பலாகாது. ‘அம்மா இல்லை என்று சொல்’ என்று கடன்பட்டவர் வீட்டுப் பிள்ளை பொய் சொல்லப் பழகுவதை, நம் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று கேட்க வேண்டாம்.

பண்டிகைக் காலம் தனிச் சோதனை. தீபாவளி தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு, பொங்கல் வரை விற்பனை கூடும். அதே காலத்தில்தான் உறவினர் வருவர், குடில் அமைக்க வேண்டும், பலகாரம் சுட வேண்டும். திருவரங்கத்தில் வைகுந்த ஏகாதசிக் கூட்டமும் அந்நாள்களில் சேர்வதால் வீதிகளில் நடப்பதே கடினம். முறுக்கும் அதிரசமும் செய்து விற்போர், டிசம்பர் 18ஆம் தேதிக்குப் பின் புதிய ஆணை ஏற்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், 24ஆம் தேதி இரவு எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்ந்தபடி நள்ளிரவுத் திருப்பலி மணியைக் கேட்க நேராது. சிறிய அளவில் உணவுப் பண்டம் விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்க.

ஆறு மாதம் நடத்திப் பார்த்தபின் கணக்கு ஏட்டைக் கணவரோடு அமர்ந்து புரட்ட வேண்டும். செலவும் தேங்கிய சரக்கும் வராத பாக்கியும் கழித்து மிஞ்சுவது எவ்வளவு, அதற்குச் சென்ற மாலைகள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். நிறுத்துவதே நல்லது எனத் தோன்றினால், ஒரே நாளில் கதவைச் சாத்தாதீர்கள். புதிய சரக்கு வாங்குவதை முதலில் நிறுத்துக. பிரிக்காத பொருள்களை நிறுவனமோ மொத்த வியாபாரியோ திருப்பி எடுத்துக்கொள்ளும் காலக்கெடுவைப் பார்த்து, அதற்குள் ஒப்படைத்து இரசீது பெறுக. முன்பணம் தந்தவருக்குப் பொருளையோ பணத்தையோ கொடுத்துவிடுக. பாக்கியுள்ளவர் வீட்டுக்கு நீங்களே சென்று, ‘அக்கா, நான் இதை விட்டுவிடப் போகிறேன், உங்களால் முடிந்தபடி மூன்று மாதத்தில் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லி, ஏட்டில் அவர் முன்னிலையிலேயே தொகையைக் குறித்துக் கொள்க. மிஞ்சிய இரண்டு மூன்று சேலைகளை அடக்க விலைக்கே விற்றுவிடலாம். அல்லது உடுத்தி விடலாம்.