சுருக்கம் நீக்கும் கிரீம்களும் கும்மிடிப்பூண்டி வெயிலும்

தோல் முதிர்வதன் காரணம்

முகத்தில் சுருக்கமும், மங்கு எனப்படும் கருந்திட்டும், கரும்புள்ளியும் தோன்றுவதற்கு வயது மட்டும் காரணமன்று. வெளியே தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி வெயிலால் வருவது. புறஊதாக் கதிர்களில் யுவிபி தோலின் மேற்பரப்பைச் சுட்டுக் கருக்கும். அலைநீளம் கூடிய யுவிஏ இன்னும் கீழே இறங்கி, தோலைத் தளராமல் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கும். சாதாரணச் சன்னல் கண்ணாடியால் அதைத் தடுக்க முடியாது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2012இல் வெளியிட்டது. கண்ணாடிப் பக்கம் இருந்த இடக் கன்னம் ஆழமாக மடிந்து தொங்கியது. வலக் கன்னத்தில் அந்த அளவு சேதமில்லை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரியும் கம்பெனிப் பேருந்தும் ஓட்டுவோருக்கும் இதே நிலைதான். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் இந்திய வண்டிகளில் வெயில் வலக் கன்னத்தைத் தாக்கும்.

புகைப்பழக்கமும் சுருக்கத்தை முன்கூட்டியே கொண்டுவரும். பீடி, சிகரெட் இரண்டுக்கும் இது பொருந்தும்.

இந்தத் தொழிற்பகுதியில்

திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பகுதியான கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். கட்டுமான வேலை, செங்கல் சூளை, லாரியில் சரக்கேற்றுவது, பழவேற்காட்டு மீன்பிடிப்பு என்று திருவள்ளூர் மாவட்டத்தில் பலருக்குப் பிழைப்பே வெயிலில்தான். கூரைக்குக் கீழேயும் கதிர் உண்டு: வெல்டிங் மின்வில்லிலிருந்து புறஊதாக் கதிர் வருகிறது. இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள் ஆகியவற்றின் அனல் நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால், வலைபோன்ற கருமை படியலாம்.

கருந்தோலுக்கு மெலனின் என்னும் நிறமி இயற்கையான காப்பு. அதனால் வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் இங்கே தாமதமாக வரும்; மங்கும் திட்டுத்திட்டான கருமையும் முந்திக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் சுருக்கத்துக்கென்று செய்த வெளிநாட்டு சீரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுபவர், தன் முகத்தில் இன்னும் வராத குறைக்குப் பணம் கட்டுகிறார்.

ஆய்வில் தேறியவை

முதலில் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விருப்பம்போல் பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 15 அளவிலான சாதாரணப் பொருள். எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 சதவீத யுவிபி கதிரையும், எஸ்பிஎஃப் 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கும். அந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. எவ்வளவு பூசுகிறோம் என்பதுதான் முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிய அளவு வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், வியர்த்தால் அதற்கு முன்பும் மீண்டும் பூச வேண்டும். விலை உயர்ந்த சிறு குழாயை வாங்கியவர் பொட்டுப்போல் தொட்டு வைத்துச் சிக்கனம் பிடிப்பார். மலிவான பெரிய குழாயைத் தாராளமாகப் பூசுபவருக்கே பாதுகாப்பு அதிகம்.

அடுத்தது ட்ரெடினாயின். வைட்டமின் ஏயிலிருந்து வந்த இந்த மருந்து முகப்பருவுக்காக அறிமுகமானது. வெயிலால் முதிர்ந்த தோலையும் அது ஓரளவு சீராக்குகிறது என்று ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இல் காட்டினர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இது, மருத்துவர் சீட்டுடன் வாங்க வேண்டிய மருந்து. இரவில் மட்டுமே பூச வேண்டும். முதல் வாரங்களில் தோல் உரிந்து எரியும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் தவிர்க்க வேண்டும். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, ஆற்றல் குறைவு.

வைட்டமின் சி சீரத்துக்கும் ஓரளவு சான்று உண்டு. ஆனால் அது காற்றும் வெப்பமும் பட்டுக் கெடும். தகரக் கூரை வீட்டு அலமாரியில் பழுப்பேறிய சீரத்தால் பயனில்லை.

விலைக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சுருக்க கிரீம்களைச் சோதித்து 2006 இறுதியில் முடிவை வெளியிட்டது. விலைக்கும் பலனுக்கும் தொடர்பே தெரியவில்லை. மிகச் சிறப்பாகச் செயல்பட்டவைகூடச் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைத்தன. அது வெறும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும். மிகவும் விலை உயர்ந்த கிரீம் பின்வரிசையில் நின்றது.

கொலாஜன் கிரீம் விஷயத்தில் காரணம் எளிது. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் அளப்பார்கள்; 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலுக்குள் நுழைவது அரிது. கொலாஜன் மூலக்கூறோ ஏறக்குறைய மூன்று லட்சம் டால்டன். அது மேலே படிந்து ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைக் கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் மலிவாகச் செய்துவிடும். ஈரம் ஏறிய தோல் சில மணி நேரம் உப்பி, மெல்லிய கோடுகளை மறைக்கும். பல கிரீம்களின் உடனடிப் பலன் இதுதான்.

மருந்து என்றால் அது குணமாக்குகிறது என்பதை நிறுவனம் நிரூபித்தாக வேண்டும். அழகுசாதனத்துக்கு அந்த அளவு நிரூபணம் தேவையில்லை. ஜாடியின் விலையில் விளம்பரத்துக்கும் நறுமணத்துக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் போகும் பங்கு கணிசமானது.

அட்டையில் பார்க்க வேண்டியவை

2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். பெரிதாக விளம்பரம் செய்த பொருள் பட்டியலின் கடைசியில் இருந்தால், அது சொட்டளவுதான் சேர்ந்திருக்கும். அட்டையில் உள்ள ஒரு கிராம் அல்லது மில்லிக்கான விலையை வைத்து இரண்டு பொருள்களை ஒப்பிடலாம். இறக்குமதிப் பொருளில் இந்தியப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இல்லையென்றால் வாங்கக் கூடாது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு

விலை மலிவாக இருந்தும் தீங்கு செய்பவை உண்டு. மொமெட்டசோன், குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், பருவும் முடியும் முளைக்கும், நிறுத்தினால் சிவந்து எரியும். பூச்சு ஸ்டீராய்டுகள் பல 2018 முதல் மருத்துவர் சீட்டுக்குரிய அட்டவணை எச் மருந்துகள். சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி தவறு.

பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம் இன்னும் கொடியது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பா எந்த விலைக்கும் வேண்டாம்.

கிரீமால் தீராத கருமை

செலவு என்று ஒன்று செய்வதானால் அகன்ற தொப்பி, கழுத்தை மூடும் துண்டு, சன்ஸ்கிரீன், எளிய மாய்ஸ்சுரைசர் என்ற வரிசையில் செய்யலாம். வெல்டிங் செய்வோர் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது. மங்கு குறையாவிட்டால், மருந்துக்கடைக்காரரைக் கேட்பதைவிடத் தோல் மருத்துவரிடம் செல்வது நல்லது. அதற்குத் திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

பிடரியிலும் அக்குளிலும் நெற்றியோரத்திலும் தோல் தடித்து, வெல்வெட்போல் கருத்தால் அது முதுமையும் அல்ல, அழுக்கும் அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கக்கூடும். கிரீமால் மட்டும் அது தீராது. தேய்த்துக் குளிப்பதால் இன்னும் கருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.